காட்டுவதற்கு ஒரு தட்டு

அடுப்பண்ணனின் முழங்கைக்குக் கீழே எப்போது பார்த்தாலும் இரண்டு மூன்று சூட்டுத் தழும்புகள் இருக்கும். ரொட்டித் தட்டுகளை அடுப்புக்குள் தள்ளி இழுக்கிறவர்கள் எல்லாருடைய கையிலும் அது உண்டு. கொஞ்சம் அசந்தால் போதும், அடுப்பு வாயின் இரும்பு விளிம்பு தோலைப் பதம் பார்த்துவிடும். அண்ணன் அதற்கெல்லாம் மருந்து தேடுகிற ஆள் இல்லை. குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டிவிட்டு அடுத்த தட்டைப் பிடிப்பார். சில நாளில் பொருக்குத் தட்டி உதிர்ந்துவிடும். அந்தக் கோடையில் பட்ட சூடு ஒன்று மட்டும் ஆறுவதாகவே இல்லை.

நான் அந்தப் பேக்கரியில் முன்பக்கக் கடையில் நிற்பவள். கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நான், பின்கட்டில் அண்ணன், நடுவில் ஒரு துணித் திரை. திரையை விலக்கினால் அனல் வந்து முகத்தில் அறையும். கோடைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அண்ணன் பனியனோடு நின்று, நீளக் கைப்பிடி போட்ட பலகையால் தட்டுகளை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, அடுக்குச் சட்டத்தில் செருகிக்கொண்டே இருப்பார். வெந்த ரொட்டியின் அடிப்பக்கத்தை விரலால் தட்டிக் கேட்பார். பன் என்றால் ஒன்றை எடுத்து நடுவில் பிட்டுப் பார்ப்பார். ஆவி பறக்கும். பார்த்தது சரியாக இருந்தால் முகத்தில் ஒன்றும் தெரியாது. சரியில்லை என்றால் மாவு பிசைகிறவர் பக்கம் ஒரு பார்வை போகும். அவ்வளவுதான். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் அவர் தண்ணீர் குடித்த குடிக்கு அளவே இல்லை. செம்பு செம்பாகக் குடித்தார். பின்னால் கழிப்பறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். இந்த வழியில் ஒரு பஸ் விட்டால் நல்ல வசூல் ஆகும் என்று மாவுக்காரர் கேலி செய்தார். வெயில்தான் காரணம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். கைப்புண் மட்டும் ஈரமாகவே இருந்தது. முதலாளி ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, மாவு தொடுகிற கை இது, டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தால்தான் அடுப்புப் பக்கம் விடுவேன் என்று சொல்லிவிட்டார். மச்சான்தான் வேனில் அழைத்துக்கொண்டு போனார்.

மச்சான் யார் என்று சொல்ல வேண்டும். அண்ணனின் மனைவிக்குத் தம்பி. எங்கள் பேக்கரி வேனை ஓட்டுகிறவர், இன்னும் கல்யாணம் ஆகாதவர். அண்ணன் மச்சான், மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, முதலாளி முதற்கொண்டு எல்லாருக்கும் அவர் மச்சானாகிவிட்டார். நான் மட்டும் அப்படிக் கூப்பிட்டால் பார்க்கிறவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள் என்று வேனண்ணன் என்பேன். பேக்கரிக்குப் பின்தெருவில், மாடியில் இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் அண்ணனும் அவரும் இருந்தார்கள். வீட்டில் நடந்ததெல்லாம் எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். மனசில் நடந்ததைக் கொஞ்சம் அண்ணனே சொல்லியிருக்கிறார், மாவு பொங்குவதற்காகக் காத்திருக்கும் நேரங்களில்.

அண்ணி வெளிநாட்டில் இருந்தார். ஒரு பெரிய அடுக்குமாடி வீட்டில் படுக்கையோடு இருக்கும் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிள்ளைகள் இல்லாத அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. சின்னதாக ஒரு பேக்கரி, அதில் சொந்தமாக ஓர் அடுப்பு. அண்ணன் அடுப்பைப் பார்ப்பது, அண்ணி கடையைப் பார்ப்பது. ஒப்பந்தத்தை முழுசாக முடித்துவிட்டு வந்தால் அது நடக்கும். நடுவில் விட்டுவிட்டு வந்தால் எதுவும் மிஞ்சாது.

தூரத்தில் இருந்தாலும் இரண்டு பேரும் தினம் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். அண்ணன் விடியும் முன்னே எழுகிறவர் என்பதால் பொழுது சாயும்போதே ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிடுவார். அது அண்ணிக்கு மத்தியானம். அந்த அம்மாவுக்கு ஊட்டித் தூங்க வைத்துவிட்டு, அடுக்களையில் தன் தட்டோடு உட்காரும் நேரம். இங்கே உப்பு ஜாடியில் போனைச் சாய்த்து வைப்பார்கள். மணி அடிக்கும். அண்ணி முகம் வரும். முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்.

"தட்டைக் காட்டுங்க."

அண்ணி போன புதிதில் அண்ணன் சமைக்கச் சோம்பல் பட்டு ராத்திரிக்கும் பன்னையே தின்று படுத்திருக்கிறார். அது தெரிந்துபோன நாளிலிருந்து இந்தச் சோதனை. அண்ணன் தட்டைத் தூக்கிக் காட்டுவார். எவ்வளவு குவித்திருந்தாலும் அண்ணிக்குப் போதாது. "இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கங்க, அனல்ல நிக்கிற உடம்பு" என்பார். அண்ணன் போட்டுக்கொள்வார். பிறகு இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். பெரிதாகப் பேசிக்கொள்வதும் இல்லை. அங்கே ஸ்பூன் தட்டில் படும் சத்தம் இங்கே கேட்கும். மச்சான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தன் பாட்டுக்குச் சாப்பிடுவார்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை வந்து நாளாகியிருக்க வேண்டும், இப்போதுதான் தெரிந்திருக்கிறது என்றாராம். மாத்திரை எழுதினார், புண்ணுக்கு மருந்து போட்டார், சாப்பாட்டைப் பற்றிப் பேச அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த சோறு, பிளாஸ்டிக் முட்டை, பிளாஸ்டிக் மீன் துண்டு. ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். விடிகாலையில் டீயும் ரஸ்க்கும், மத்தியானம் சோறு, சாயங்காலம் சோறு, நடுவில் இரண்டு மூன்று டீ என்றார் அண்ணன். பேக்கரியில் வேலை செய்கிறீர்களே, அங்கே எதுவும் சாப்பிடுவதில்லையா என்று அவள் கேட்டபோது இல்லை என்றார். மச்சான் இருமினார்.

"ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு பன்னைப் பிட்டுப் பார்ப்பேன். உள்ள வெந்திருக்கான்னு."

"பிட்டுப் பார்த்துட்டு?"

"வாயில போட்டுப்பேன்."

"முழுசாவா?"

"பிட்ட பன்னை யாருகிட்ட விக்கிறது? அது சாப்பாடு இல்லீங்க. அது வேலை."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "உங்க உடம்புக்கு அது தெரியாதே" என்றாள். ஒரு தட்டை எடுத்து வைத்து, பாதிக்குக் காயும் கீரையும், ஒரு கால் பங்குக்கு முட்டையோ மீனோ பருப்போ, மிச்சம் இருக்கிற கால் பங்கில் சோறு என்று அந்தப் பிளாஸ்டிக் சாமான்களை அடுக்கிக் காட்டினாள். சோற்றை விடச் சொல்லவில்லை, குறைக்கச் சொல்கிறேன் என்றாள். அண்ணன் அந்தச் சோற்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். பூனைக்கு வைக்கிற அளவு இருந்தது.

திரும்பி வரும்போது வேனை ஓரமாக நிறுத்திவிட்டு மச்சான் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாராம். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவர் கவலை. அந்த வீட்டுக்கு இந்த வியாதி புதிதில்லை. அவர்களுடைய அப்பாவுக்குச் சர்க்கரையில் ஒரு கால் போனது. கால் போன பிறகு அவர் நெடுநாள் இருக்கவும் இல்லை. கடைசிவரை கட்டு மாற்றி, தூக்கி உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டது அண்ணிதான். சர்க்கரை என்ற ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், ஒப்பந்தம் கிப்பந்தம் எதையும் பார்க்காமல் விமானம் ஏறிவிடுவார்.

அண்ணன் சொன்னார், "அவ வர்றதுக்குள்ள நான் சரி பண்ணிடுறேன். அதுவரைக்கும் நீயும் வாயைத் தொறக்காத."

இரண்டு ஆண்கள் வேனுக்குள் உட்கார்ந்து எடுத்த முடிவு அது. அதில் உள்ள சிக்கல் அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. போன் மணி அடித்தது, அண்ணி தட்டைக் காட்டச் சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து இரண்டு தட்டுகள் ஆயின. ஒன்று காட்டுவதற்கு, ஒன்று சாப்பிடுவதற்கு. காட்டுகிற தட்டில் சோறு குன்று மாதிரி இருக்கும். அண்ணன் அதைத் தூக்கிக் காட்டுவார். இன்னும் கொஞ்சம் என்று அண்ணி சொன்னால் அகப்பையால் இன்னும் கொஞ்சம் போடுவார். பிறகு தட்டைக் கீழே இறக்குவார். இறக்கிய தட்டு போனுக்குப் பின்னாலேயே நகர்ந்து மச்சானிடம் போய்விடும். அங்கிருந்து கீரையும் அவித்த பயறும் ஒரு முட்டையும் ஒரு பிடி சோறும் வைத்த தட்டு இந்தப் பக்கம் வரும். படத்தில் அண்ணனின் முகமும் தோளும் மட்டும்தான் தெரியும். கை மேலே வருவது தெரியும். கையில் என்ன இருக்கிறது என்பது அந்தக் கலங்கல் படத்தில் தெரியாது.

காட்டுகிற தட்டை என்ன செய்வது? சோற்றைக் கொட்டுகிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. மச்சான் தன்னுடையதையும் சாப்பிட்டுவிட்டு அதையும் சாப்பிட்டார். முதலில் அத்தானுக்காக என்று பாவமாகத்தான் சாப்பிட்டாராம். பிறகு பழகிவிட்டது. அப்புறம் பிடித்தும் போய்விட்டது.

பேக்கரியில் அண்ணன் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பிட்டுப் பார்த்த பன்னை வாயில் போடாமல் மாவுக்காரரிடம் நீட்டுவார். கையை என்ன செய்வது என்று தெரியாமல் பனியனில் துடைப்பார். வாயால் தெரிந்துகொண்டதை மூக்காலும் விரலாலும் தெரிந்துகொள்ளப் பழகினார். அந்த முதல் சில வாரங்களில் இரண்டு ஈடு உப்புக் கூடிப் போனது. அண்ணன் வாயில் போட்டிருந்தால் முதல் ஈட்டிலேயே பிடிபட்டிருக்கும். மாவுக்காரர் தின்றுவிட்டு நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

டீக்கடைப் பையன் சர்க்கரையில்லாத டீயைத் தனியாகக் கொண்டுவந்து வைத்தபோது, அண்ணன் அதை மருந்து மாதிரி ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தார். பத்து மணி வாக்கில் பசி வந்துவிடும். வெள்ளரிக்காய் கொண்டுவருவார். ரொட்டி மணமும் வெண்ணெய் மணமும் நிறைந்த அந்த அறையில் ஓர் ஓரமாக நின்று வெள்ளரிக்காயைக் கடிக்கிற சத்தம் எனக்குத் திரைக்கு இந்தப் பக்கம் கேட்கும். வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல் ரயில் பாதை ஓரமாக நடந்துவிட்டு வருவார். கைப்புண் மெல்லக் காய்ந்தது. இடுப்பு இளைத்தது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் மாவு பொங்கக் காத்திருந்தபோது நான் கேட்டேன், சோறு இல்லாமல் கஷ்டமாக இருக்கிறதா என்று. தொட்டியில் ஈரத்துணி போர்த்திய மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோத்து மேல இருக்கிற ஆசையைக்கூட அடக்கிடலாம்மா. அவ அங்கேருந்து இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்கன்னு சொல்றா பாரு. போடுறேன். போட்டுட்டு அதை வேற ஆளுக்குத் தள்ளி விடுறேன். அப்பதான் என்னமோ மாதிரி இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். அண்ணி இங்கே இருந்த நாட்களில், இவர் சாப்பிடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். தட்டில் ஒரு பக்கம் காலியாவதற்குள் அங்கே சோறு வந்து விழுமாம். போதும் என்று சொல்லித் தட்டுக்கு மேல் கையை விரித்தால், விரலிடுக்கில் சோற்றை விடுவாராம். சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். மாவு அதற்குள் துணியைத் தூக்கிக்கொண்டு எழுந்திருந்தது.

மழை தொடங்கிய சமயத்தில் பேக்கரிக்குப் புது அடுப்பு வந்தது. பொத்தானை அழுத்தினால் சூடு எண்ணில் தெரிகிற அடுப்பு. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரையும் அதன் முன்னால் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்து, தன் போனில் ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி போட்டார். அண்ணியின் போனிலும் முதலாளியின் எண் இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணி தட்டைக் காட்டச் சொல்லவில்லை. தம்பியைத்தான் கூப்பிட்டார். போன் முன்னால் வரச் சொன்னார், எழுந்து நிற்கச் சொன்னார், பக்கவாட்டில் திரும்பச் சொன்னார். மச்சான் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றும் சட்டைப் பித்தான்கள் காட்டிக் கொடுத்தன.

"இப்ப அவரை நிக்கச் சொல்லு."

அண்ணன் எழுந்து நின்றார். முகம் மட்டும் தெரிந்த இத்தனை மாதங்களில், கேமரா அப்படிக் காட்டுகிறது, முடி வெட்டினதால் அப்படித் தெரிகிறது என்று ஏதேதோ சொல்லி ஒப்பேற்றியிருந்தார். முழு ஆளாக நிற்கும்போது சட்டை தோளிலிருந்து கொடியில் காயப்போட்டது மாதிரி தொங்கியது.

"என்ன உடம்புக்கு?"

"சர்க்கரை" என்றார் அண்ணன்.

படம் உறைந்துவிட்டதோ என்று மச்சான் குனிந்து பார்த்தாராம். உறையவில்லை. அண்ணி கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தார்.

"எப்பருந்து?"

"கோடையிலருந்து."

"தினமும் காட்டின சோறு?"

மச்சான்தான் பதில் சொன்னார். "நான்தான்க்கா சாப்பிட்டேன்."

"அப்போ கோடையிலருந்து நான் தனியாத்தான் சாப்பிட்டிருக்கேன்" என்றார் அண்ணி. போன் அணைந்துவிட்டது.

அண்ணி அழுவார், திட்டுவார், அடுத்த விமானத்தில் வருகிறேன் என்பார் என்றெல்லாம் அவர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். இதை எதிர்பார்க்கவில்லை. மறுநாள் சாயங்காலம் உப்பு ஜாடியில் போனைச் சாய்த்து வைத்துக் காத்திருந்தார்கள். மணி அடிக்கவில்லை. அண்ணன் கூப்பிட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. வேலை இருக்கிறது என்று ஒரே ஒரு வரி வந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். இனி காட்டுவதற்கு எதுவும் தேவையில்லை என்பதால் ஒரு தட்டு அலமாரியிலேயே கிடந்தது. அண்ணன் கீரையைப் பிசைவார், இரண்டு வாய் வைப்பார், எழுந்துவிடுவார். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருக்கும்.

அந்த வாரத்தில்தான் நான் அதைப் பார்த்தேன். பின்கட்டில் மாவு மூட்டைகள் அடுக்கிய அறைக்குக் காகிதப் பை எடுக்கப் போனேன். மூட்டைகளுக்கு நடுவில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு. கிரீம் பன். ஒன்றைத் தின்று முடித்து இரண்டாவதில் பாதியில் இருந்தார். மீசையில் கிரீம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் மறைக்கவில்லை. மென்றுகொண்டே இருந்தார், கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. ரசித்துத் தின்கிற மாதிரியே இல்லை. தட்டை அவர் கையிலிருந்து வாங்கினேன். தடுக்கவில்லை.

"பசி இல்லம்மா. வாய்க்கு என்னமோ வேணும்போல இருக்கு. அது என்னன்னு தெரியல."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். சாயங்காலம் வேன் திரும்பி வந்ததும் மச்சானிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ரொட்டிக் கூடைகளைக்கூட இறக்காமல் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டார். இந்த முறை அண்ணி எடுத்தார். தம்பி வாயைத் திறக்கும் முன்பே, அவர் காலில் புண் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, கையில் இருந்த சூடுகூட ஆறிவிட்டது என்றார் மச்சான். நீ உன் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றார். கால் விரலிடுக்குகளையும் பார்த்தாயா என்று மறுபடியும் கேட்டார். அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. மாத்திரை, மறுபரிசோதனை, போன மாதம் சர்க்கரை எவ்வளவு இறங்கியது என்று மச்சான் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் கிரீம் பன் தின்றதையும் சொன்னார்.

"அப்பா கால் புண்ணைச் செருப்புக்குள்ள மறைச்சார். இவர் சோத்துக்குள்ள மறைச்சிட்டார். என்கிட்ட சொல்லணும்னு ஒருத்தருக்குக்கூட தோணாதா?" என்றாராம் அண்ணி. கடைசியில், நீயும் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மச்சான் போனார். சர்க்கரை இன்னும் வந்திருக்கவில்லை, ஆனால் வாசலில் வந்து நிற்கிறது என்றார்கள்.

அடுத்த நாள் பொழுது சாயும்போது மணி அடித்தது. மச்சான் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டார். இரண்டு அறைக்கும் நடுவில் கதவு இல்லாததால் எல்லாம் காதில் விழுந்தது.

"தட்டைக் காட்டுங்க" என்றார் அண்ணி.

அண்ணன் போனைக் கையில் எடுத்து, தட்டுக்கு மேலே பிடித்தார். பீன்ஸ், கீரை, ஒரு முட்டை, ஓரமாக ஒரு பிடி சோறு. அண்ணி வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"பசிக்காதா?"

"முதல்ல பசிச்சுது. இப்ப வயிறு பழகிடுச்சு."

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு அண்ணி நிறுத்தினார். "கீரை."

அண்ணன் எழுந்து போய்ச் சட்டியிலிருந்து கீரை போட்டுக்கொண்டு வந்தார். இந்த முறை தட்டு யாரிடமும் நகரவில்லை. பன்னைப் பற்றி அண்ணி கேட்டார். தின்றேன் என்றார். இனிமேல் தின்றால் என்னிடம் சொல்ல வேண்டும், திட்டமாட்டேன், ஆனால் சொல்ல வேண்டும் என்றார். சரி என்றார் அண்ணன். அதன் பிறகு மழைச் சத்தம்தான் கேட்டது என்றார் மச்சான்.

"நான் வந்துடவா?" என்றார் அண்ணி.

இந்தக் கேள்வியை அண்ணி முன்பும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். சளி பிடித்தால் கேட்பார், நல்ல நாள் கெட்ட நாள் வந்தால் கேட்பார். ஒவ்வொரு முறையும் அண்ணன் யோசிக்காமல், எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன், முடிச்சிட்டே வா என்று சொல்லிவிடுவார். இந்த முறை உடனே எதுவும் சொல்லவில்லை. மச்சான் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்.

"வான்னு சொல்லத்தான் வாய் வருது. முடிச்சிட்டு வான்னும் சொல்லணும். ரெண்டும் ஒண்ணாத்தான் வருது, நான் என்ன பண்ணட்டும்?"

"முதல்ல சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"முதல்ல சொன்னீங்களே, அதை."

"வா" என்றார் அண்ணன்.

அந்தப் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு தெளிந்த குரலில், "முடிச்சிட்டு வர்றேன்" என்றார். "இனிமே ரெண்டையும் சேர்த்தே சொல்லுங்க. ஒண்ணை மட்டும் சொல்லிட்டு இன்னொண்ணை முழுங்காதீங்க. சாப்பிடுங்க, ஆறிடப் போகுது."

ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு முழுக் கோடை இருந்தது. இரண்டு பேரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். அங்கே ஸ்பூன் சத்தம் கேட்டது. அண்ணன் கீரையைச் சோற்றோடு பிசைந்து, சின்னச் சின்ன வாயாகச் சாப்பிட்டார். எவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டாலும் அந்தத் தட்டில் எவ்வளவுதான் இருக்கும். அண்ணி பாதிகூடத் தாண்டியிருக்கவில்லை, இங்கே தட்டு துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு."

"அப்ப போய்க் கையைக் கழுவுங்க. நான் வெச்சிடுறேன்."

"வைக்காத. நீ சாப்பிடு" என்றார் அண்ணன். "நான் இங்கேயேதான் இருக்கேன்."

மச்சான் தட்டைக் கழுவ உள் அறையிலிருந்து வந்தபோது, வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. யாரும் விளக்குப் போடவில்லை. போன் வெளிச்சம் மட்டும் அண்ணன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் எச்சில் கையை முட்டி மேல் வைத்துக்கொண்டு, அது காய்ந்து விறைத்துப் போனது தெரியாமல், அந்தப் பக்கம் அண்ணி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.